இடது ஃபெண்டர்

வண்டியை முதலில் நிழலுக்குத் தள்ளினோம்.
கொளத்தூர் வெயிலில் காலையிலிருந்து நின்ற பானெட்;
உள்ளங்கை வைத்து மூன்று எண்ண முடியவில்லை.
இந்தச் சூட்டில் உரித்தால்
பிளாஸ்டிக் கையோடு வரும்,
பசை வண்டியோடு தங்கும்.
அரை மணி பொறுக்கச் சொன்னேன்.
தணிகாசலம் சார் கடிகாரத்தைக் காட்டினார்:
வாங்குகிறவர் நாலு மணிக்கு வருகிறார்.

ஆறு வருஷத்து ஃபிலிம்.
வெள்ளை வண்டி, வெற்றிலை போடுகிறவர் பல் மாதிரி.
ஓரமெல்லாம் கறுப்புக் கோடு,
மெட்ரோவுக்குத் தோண்டிய மண் பாதி அங்கேதான் குடியிருந்தது.
“எடுத்துட்டா புது வண்டி, பாரேன்” என்றார்
பிரமிளா மேடத்திடம்.
அவர் ரேஷன் டோக்கன் வாங்கியவர் போல
நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மூலையை நகத்தால் கிளப்பினேன். பிளேடு ஆகாது.
மஸ்தான் ஹீட் கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து
ஒரே இடத்தில் நிற்கவிடாமல் ஆட்டிக்கொண்டிருந்தான்.
மேலே இழுக்கக் கூடாது.
மடித்து, தன் மேலேயே படுக்கவைத்து,
தகரத்தை ஒட்டினாற்போல் பின்னால் போக வேண்டும்,
தூங்குகிறவன் சட்டைப்பையிலிருந்து
பீடி எடுக்கிற வேகத்தில்.

பானெட் வந்தது.
வலது கதவு ஒரே துண்டாக வந்தது.
அடியில் ஷோரூம் வெள்ளை.
மேடம் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார்.
“இவ்ளோ நாளா இதுக்குள்ளயா இருந்துச்சு?”

இடது ஃபெண்டரில் என் விரல் நின்றது.
இங்கே மட்டும் ஃபிலிம் அவ்வளவு பழுக்கவில்லை.
மீட்டரை வைத்தேன்.
ஃபிலிம் கனத்தைக் கழித்தால்
மற்ற இடமெல்லாம் நூற்றிப் பத்து மைக்ரான்.
இங்கே இருநூற்று அறுபது.
கம்பெனி பெயின்ட் பிடியை விடாது;
மேலே பூசியது தோலோடு வந்துவிடும்.
சொல்லித்தான் ஆக வேண்டும், தொழில்.
“சார், இந்தப் பக்கம் ரீபெயின்ட் ஆயிருக்கா?”

“இல்லையே.”
கேள்வி முடிவதற்குள் வந்த பதில்.

ஹீட் கன் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.
மேடம் என்னைப் பார்க்கவில்லை,
ஃபெண்டரையும் பார்க்கவில்லை.
“எப்ப?” என்றார்.

கத்திப்பாரா இறக்கம், மழை, ராத்திரி
ஒவ்வொன்றாக வந்தன.
டிவைடர்தான். டிவைடர்தான் என்று இரண்டு முறை.
“வண்டி சர்வீஸ்ல இருக்குன்னு
ஒரு வாரம் ஆட்டோல வந்தீங்களே,
அப்பவா?”
மஸ்தானை டீ வாங்கி வரச் சொன்னேன்.
அவன் போகாமல் நின்றான்.

பிறகு அந்த ஒரு ஃபெண்டருக்கு ஒன்றரை மணி நேரம்.
விரலகலம் சூடு, விரலகலம் இழு, நிறுத்து.
ஹெட்லைட்டுக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும்
நகமளவு பெயின்ட் கையோடு வந்துவிட்டது.
சாம்பல் பிரைமர் தெரிந்தது.
மேடம் குனிந்து அதையே பார்த்தார்.
சார் வெளியே போய் போனில்
“இன்னிக்கு வேணாம்” என்று யாரிடமோ சொன்னார்.

மிச்சப் பசையைத் துணியில் நனைத்துத் துடைத்தோம்.
கூலியை மேடம்தான் எண்ணிக் கொடுத்தார்,
இரண்டு தடவை எண்ணி.

வில்லிவாக்கத்தில் ரயிலேறிய பிறகு பார்த்தேன்,
என் முழங்கையில் ஒரு துண்டு ஃபிலிம்,
உட்புறம் அந்த நகமளவு வெள்ளை.
சூடில்லாமல், அவசரத்தில்,
வெடுக்கென்று இழுத்தேன்.
முடியோடு வந்தது.