பாகம் 143, வரிசை எண் 612

இந்த ஆண்டு கோவில்பட்டிக்குப் போகவில்லை.
ஷார்ஜாவிலிருந்து மதுரைக்கு நாலு டிக்கெட் வாங்கும் காசில்
பினாங்கே போய் வரலாம், ஓட்டல் வாடகையும் சேர்த்து
என்று கணக்குப் போட்டவள் ஞானசெல்வி.
கணக்கில் பிழையில்லை.
ஊருக்குச் சொன்னபோதுதான்
என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

கொடிமலை ரயிலுக்கு வரிசையில் நிற்கிறோம்.
முன்னால் ஒரு சீனக் குடும்பம், பை நிறைய ரம்புத்தான்.
பின்னால் நிலவன்,
பசிக்கிறது என்பதை
மூன்று மொழிகளில் சொல்லிப் பார்க்கிறான்.
அப்போது வந்தது சேர்மக்கனியின் குரல்பதிவு:

"அத்தான், லிஸ்ட்ல உங்க பேரு இல்ல.
அக்கா பேரும் இல்ல.
ரெண்டு வாட்டி வந்தாங்களாம், வீடு பூட்டிக் கெடந்துச்சாம்.
நிரந்தரமா இடம்பெயர்ந்தவங்கன்னு போட்டுட்டாங்க.
எதிர்வீட்டு அந்தோணிமுத்து பேரு இருக்கு அத்தான்.
அவரு செத்து ரெண்டு வருசம் ஆவுது."

அவன் பேச்சுக்குப் பின்னால்
ஒரு பிரச்சார ஜீப் தெருவைக் கடக்கிறது.
சின்னம் காதில் விழவில்லை.
திரும்பப் போட்டுக் கேட்டேன்.
விழவில்லை.

ரயில் ஏறுகிறது, காது அடைக்கிறது.
பாதி வழியில் இறங்கும் பெட்டி எதிரே வந்து
ஒரு கண்ணாடி தூரத்தில் விலகுகிறது.
ஒரே கம்பியாம். அதன் எடையில்தான்
நாங்கள் மேலே போகிறோமாம்.
அந்தப் பெட்டியிலிருந்து யாரோ கையசைத்தார்கள்.
எனக்குக் கையசைக்கத் தோன்றவில்லை.

பதினாறு வருடம்.
பைபாஸ் சாலை எங்கே குழி, எந்த வார்டில் தண்ணீர் வரவில்லை,
யார் கட்சி மாறினார், எவ்வளவுக்கு,
எல்லாம் எனக்குத் தெரியும்.
வெள்ளிக்கிழமை இரவுகளில் பிரியாணிப் பொட்டலம் ஆறிப்போக
தொகுதியை நாங்கள்தான் ஆண்டோம்,
ஆறு பேர், ஒரு அறை, ஒரு ஏசி.
ஓட்டுப் போட்டது ஒரே ஒரு முறை.
அதுவும் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில்.
தோற்கப்போகிறவருக்கு.

உச்சியில் கடல் தெரிந்தது, பாலம் தெரிந்தது.
கைப்பிடிக் கம்பியைப் பிடித்து வெகுநேரம் பார்த்திருப்பேன்.
"என்னப்பா பாக்குற?"
"ஊரு அந்தப் பக்கம்டா."
நிலவன் போனில் வரைபடம் திறந்து சொன்னான்:
"இது கிழக்கு. இந்தியா உன் முதுகுப் பக்கம்."

இறங்கிய பிறகு ஏற்றிக்கொண்ட காடியில்
ஓட்டுநர் பெயர் தவமணி.
"பசியாறிட்டீங்களா சார்? எந்த ஊரு?"
எப்போதும் கேள்வி முடியுமுன்னே சொல்லிவிடுவேன்.
இன்று கொஞ்சம் எச்சில் விழுங்கினேன்.
ஞானசெல்வி சொன்னாள், கோவில்பட்டி என்று.
நடந்ததையும் சொன்னாள், ஏதோ
பெட்டி தொலைந்த கதை மாதிரி.

"எங்கப்பா நிபோங் திபால் தோட்டத்துலதான் பொறந்தாரு.
சாகுற வரைக்கும் சிவப்பு ஐ.சி., ஓட்டு கெடையாது.
ஆனா எலெக்‌ஷன்னா கொடி கட்ட
மரத்துல ஏறுற மொத ஆளு அவருதான்."
நான் ஏதோ சொல்ல வாயெடுக்க,
"இவன பாருங்க சார், சிக்னலே போடாம வரான்!"
ஒரு நீண்ட ஹாரன்.
அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரவு. பிள்ளைகள் தூங்கியாயிற்று.
ஓட்டல் வைஃபையில் படிவத்தைத் திறந்தேன்.
புகைப்படம் வெள்ளைப் பின்னணியில் வேண்டுமாம்.
குளியலறைத் திரைக்கு முன்னால் நின்று
நானே எடுத்துக்கொண்டேன்.
முகத்தில் வெயில் பட்டுக் கறுத்த கோடு.

"எனக்கும் ஒண்ணு போடுங்க"
என்றாள் ஞானசெல்வி, கண் திறக்காமல்.
"போய் நிக்கப் போறோமா என்ன, லைன்ல?"
"பேரு இருக்கட்டும்."

வசிக்குமிடம் என்ற கட்டத்தில் விரல் வைத்தேன்.
நான் ஒரு எழுத்தும் அடிக்குமுன்
போன் தானாக நிரப்பியது:
பர்மா ரோடு, ஜார்ஜ் டவுன், பினாங்கு.
அழித்தேன்.
ஷார்ஜா என்றது.
அதையும் அழித்தேன்.

கட்டம் காலியாக இருந்தது.
தெருவில் கடைசி வண்டிக்காரன்
வாணலியைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.
'கோ' என்று அடித்தேன்.
கோலாலம்பூரா என்று கேட்டது.