மூன்று பஸ் நீளம்

கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று ரீல்கள்.
முதலாவது மூவாயிரத்து எண்ணூறு குரோனர்:
தங்க நிறம், தண்ணீரையே பார்க்காத பளபளப்பு.
மூன்றாவது நானூற்றைம்பது:
கைப்பிடி ஆடுகிறது, விழப்போகும் பால்பல்லைப் போல.
நடுவில் ஒன்று, ஆயிரத்து நூற்றைம்பது.
ஒரு பக்கம் பிளாஸ்டிக்,
மறுபக்கமும் பிளாஸ்டிக்தான், கறுப்பு.

மரியஸ்தாட்டில் பள்ளி பஸ் ஓட்டுகிறேன்.
மார்ச் மாதச் சம்பளத்தில்
வாடகை போக, பல் வைத்தியர் போக
மிஞ்சியதை நான்காக மடித்துக்
கையுறைக்குள் வைத்திருந்தேன்.

"எதற்கு?" என்றாள் கடைக்காரி குன்னெல்.
"வெனெர்ன் ஏரிக்கு. சால்மனுக்கு.
படகு ஹென்னிங்குடையது."
"அப்படியானால் பளபளப்பைப் பார்க்காதே,
பிரேக்கைப் பார்."

தங்கூசியின் நுனியை வில்தராசில் கட்டினோம்.
தராசைப் பிடித்துக்கொண்டு அவள்
கடைவாசல் வரை பின்னால் நடந்தாள்,
எழுபது வயதில் ஒரு பெரிய மீனாக.
நானூற்றைம்பது: முள் இரண்டில் நின்றது,
நான்குக்குத் தாவியது, மறுபடி இரண்டு.
அந்தத் தாவலில்தான் தங்கூசி அறும்.
ஆயிரத்து நூற்றைம்பது: ஒருமுறை நடுங்கி
மூன்றிலேயே நின்றுவிட்டது.
தங்க நிறத்தை நாங்கள் கட்டவே இல்லை.
கட்டிப் பார்த்தால் ஆசை வந்துவிடும்.

வெளியே எத்தனை மீட்டர் போயிற்று என்று சொல்ல
அதன் தலையில் ஒரு சின்னச் சன்னல், மூன்று எண்கள்.
எண்களை நம்புகிற பிழைப்பு என்னுடையது,
ஏழு நாற்பத்திரண்டு என்றால் ஏழு நாற்பத்திரண்டு.
ஆனாலும் சனிக்கிழமை பணிமனைக்குப் போனேன்.
மூக்கும் வாலும் ஒட்டி நின்ற மூன்று பஸ்கள்,
ஒவ்வொன்றும் பன்னிரண்டு மீட்டர்.
முதல் பஸ்ஸின் முன்விளக்கில் நுனியைக் கட்டி
கடைசி பஸ்ஸின் பின்விளக்கு வரை நடந்தேன்.
முப்பத்தாறு.
சன்னல் சொன்னது நாற்பத்தொன்று.
ஹென்னிங் ரீல் விடுவான், ஊருக்கே தெரியும்.
ரீலே ரீல் விட்டால்?

குற்றம் அதனுடையது அல்ல.
காசை மிச்சம்பிடிக்க
தங்கூசியைக் குறைத்துச் சுற்றியிருந்தேன்.
அரைவயிற்றுச் சுருள் ஒவ்வொரு சுற்றுக்கும்
கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்.
அடியில் பழைய தங்கூசியைக் கொடுத்து நிரப்பினேன்.
மறுபடி நடந்தேன்.
முப்பத்தேழு. போகட்டும்.

ஏப்ரல்.
உடைந்த பனிக்கட்டி கரையோரம் ஒதுங்கிய மூன்றாம் நாள்.
படகு ஆள் நடக்கிற வேகத்தில் போகிறது,
இரண்டு போலிமீன்களை இழுத்துக்கொண்டு.
ஒன்று அவனுடைய மூவாயிரத்து எண்ணூறு.
என்னுடையதன் விலையைக் கேட்டான், சொன்னேன்.
காப்பியை ஊதினான்.

கின்னெகுல்லே குன்றின்மேல் வெயில் ஏறும்போது
கிரிக் என்றது. ஒன்றே ஒன்று.
பிறகு நிற்காமல்.
ஐம்பத்தெட்டு. எண்பது. நூற்றுப் பத்து.
பிரேக்கைத் தொடவில்லை.
தொடாமல் இருப்பதுதான் கஷ்டம்.
கடைவாசல் வரை பின்னால் நடந்த குன்னெலை
நினைத்துக்கொண்டேன்.

இருபது நிமிடம்.
நூற்றுப் பத்து எழுபதாகி, மறுபடி தொண்ணூறாகி,
கடைசியில் படகருகே
உருக்கி ஊற்றிய ஈயமாகப் புரண்டது.
ஒன்பது கிலோ என்றான் ஹென்னிங். அப்படியானால் ஏழு.
வாலுக்குச் சற்று முன்னால், முதுகில்,
கட்டைவிரல் அளவுத் துடுப்பு.
வெட்டப்படாத துடுப்பு.
தொட்டியில் வளர்த்து விடுகிற மீனுக்கு
அதை வெட்டித்தான் விடுவார்கள்.
இது ஆற்றில் தானாகப் பிறந்தது.
சட்டப்படி எனக்கில்லை.

வலையைத் தூக்காமல்
தண்ணீருக்குள்ளேயே கொக்கியைத் திருகி எடுத்தேன்.
அது உடனே போகவில்லை.
பஸ்ஸை விட்டு இறங்கியும் கதவருகே நிற்கிற
சில பிள்ளைகள் உண்டு.
பிறகு போனது.

"ஆயிரத்து நூற்றைம்பதுக்கு
ஒரு வாய் மீன்கூட இல்லை" என்றான் ஹென்னிங்.
அவன் ரீல் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை.
அதை நான் சொல்லவில்லை.

பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கினேன்.
பூஜ்யம் தெரியவில்லை,
சன்னலுக்குள் ஈரம் புகுந்து ஆவி படிந்திருந்தது.
மலிவுக்கு எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கும்.
கையுறையைக் கழற்றி
உள்ளங்கையால் மூடிவைத்தேன்,
எண்கள் வரும்வரை.