ஒன்பதாம் பக்கம்

பஃபலோவில் பிப்ரவரி.
ஏரிக்காற்று கண்ணாடிக் கதவைத் தோளால் இடிக்கிறது.
இரவு ஒன்றரை மணி,
காசு போட்டுத் துவைக்கும் கடை.
பதினாறு இயந்திரங்களில் ஓடுவது இரண்டு:
ஒன்றில் என் துணி,
மற்றதில் எதிர் பெஞ்சுக்காரருடையது.
தெருப்பனி வாரும் வண்டி ஓட்டுபவர்.
சட்டையில் தைத்த பெயர்: காஸிமிர்.
ஈரக் காலுறைகளைக் கழற்றி
வெந்நீர்க் குழாயின்மேல் போட்டுவிட்டு
யாரோ விட்டுப்போன சித்திரக்கதையை எடுக்கிறார்.

‘கல்தோளன்’, நாற்பத்தொன்றாம் இதழ்.
அதன் பென்சில் கோடுகளுக்கு
மை ஏற்றியவள் நான்.

நடுவில் இரண்டு பக்கமாக விரியும் போர்.
அவன் ஒரு ரயில் பாலத்தைச் சுமக்கிறான்.
பதினோரு நாள் வேலை.
பாலத்தின் ஒவ்வோர் ஆணிக்கும் நிழல் வைத்து
மணிக்கட்டு வீங்கி
கரண்டி பிடிக்க முடியாமல் போனது.
காஸிமிர் அதைப் புரட்டினார்,
பேருந்து ஜன்னலில் கடந்துபோகும்
விளம்பரப் பலகையைப்போல.

பின்னால் திரும்பினார்,
ஒன்பதாம் பக்கத்துக்கு.

அது நிரப்புப் பக்கம்.
வரவேண்டிய விளம்பரம் வராததால்
எதையாவது போட்டு அடை என்றார்கள்.
ஒரே மதியம். பென்சில் இல்லாமல் நேரே மை.
கல்தோளன் சோபாவுக்கு அடியில்
சில்லறை தேடுகிறான். அவ்வளவுதான்.
ஏழு மைல் தள்ளி ஒரு குழந்தை அழுதால்
அவனுக்குக் கேட்கும்.
போன மாதம் இதே அறையில்
மனைவி மெதுவாகச் சொன்னது கேட்கவில்லை.
இப்போது கொக்கியில் ஒரே ஒரு கோட்டு.
மேலங்கியின் சாயம் இறங்கி
இருக்கும் நான்கு சட்டையும் இளஞ்சிவப்பு.
அந்தச் சோபாவை ஒற்றை விரலால் தூக்கலாம் அவன்.
முழங்காலிட்டுத் துழாவுகிறான்.
ஏன் அப்படி வரைந்தாய் என்று ஆசிரியர் கேட்டார்.
அது எங்கள் வீட்டுச் சோபா;
அதை யாரும் தூக்கி நான் பார்த்ததில்லை.

கடைசிக் கட்டத்தின்மேல்
காஸிமிரின் பெருவிரல் நின்றது.
கல்தோளன் உள்ளங்கையில்
மூன்று நாணயம், ஒரு பொத்தான்.
அவருடைய இயந்திரம் ஓய்ந்துவிட்டது.
அவர் எழவில்லை.

“உலர்த்த நாலு வேணுமே,” என்றார்,
என்னிடமா காகிதத்திடமா தெரியவில்லை.
“மூணு எப்படிப் பத்தும்?”

அதை நாங்கள் யோசிக்கவே இல்லை.
அடுத்த பக்கத்தில் அவன் வானில் இருந்தான்.
“ஈரத்தோடயே மாட்டிக்கிட்டுப் போயிருப்பான்,” என்றேன்.

“பிப்ரவரியில,” என்றார்.
கொஞ்சம் கழித்து, “அந்த உயரத்துல.”
தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான்
இரட்டைப் பக்கத்துக்கு மறுபடி போனார்.
இந்த முறை மெதுவாக.
பாலத்துக்கு அடியில் நிற்பவனின் தோளை,
அந்தச் சட்டை உடம்பில் ஒட்டியிருப்பதை,
என் ஆணிகளைக்கூட.
பறப்பவனை நம்பச் சொன்னால்
யார் நம்புகிறார்கள்?
நாலாவது நாணயம் கிடைக்காத கை அது
என்று தெரிந்துவிட்டால்
பாலம் அதன்மேல் நிற்கும் என்பதில்
அவருக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

இடுப்பு வானொலி கரகரத்தது.
மேம்பாலத்தில் பனி மூடிவிட்டதாம்,
ஆம்புலன்ஸ் ஒன்று நடுவில்.
காஸிமிர் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.
காலுறை காயவில்லை.
மாட்டிக்கொண்டார்.
கதவு திறந்து குளிர் ஒருமுறை உள்ளே வந்து போனது;
மஞ்சள் விளக்கு சுழன்று சுழன்று
தெரு முனையில் மறைந்தது.

அவருடைய துணி இன்னும் இயந்திரத்தில்.
வாரி எடுத்து உலர்த்தும் பெட்டியில் போட்டேன்.
பையில் பார்த்தால் மூன்று நாணயம்.

பெஞ்சுக்கு அடியில்
கையை விட்டுத் துழாவுகிறேன்.