மேசையில் விடவும்

நவம்பர் கடைசி. பாளையங்கோட்டையில் மழை
பெய்யவும் இல்லை, விடவும் இல்லை.
புதுப்பிக்க வேண்டிய சந்தாக்கள் அறுபத்திரண்டு.
பணம் நாற்பதுக்கு.

செயலர் டைட்டஸ் சார் சொன்னார்:
"கணக்கு பேசட்டும்மா.
நீங்களும் நானும் பேசுனா சண்டைதான் வரும்."

சரி, பேசியது.
மேலாண்மை மின்னிதழ்:
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு தரவிறக்கம்.
விலையை வகுத்தால் ஒரு வாசிப்பு பதினோரு ரூபாய்,
ஜங்ஷன் டீயைவிட மலிவு.
தேதிவாரியாகப் பிரித்துப் பார்த்தேன்.
இரண்டாயிரத்துச் சொச்சம் ஒரே வியாழன் இரவு,
ஒரே கணினி, விடுதி மாடி.
படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் ஏதோ ஒரு பிள்ளை
கிணற்றையே மொண்டு கொண்டுபோயிருக்கிறது.
குடித்ததா என்று சொல்ல
படிவத்தில் கட்டம் இல்லை.

நிலத்தடி நீர் காலாண்டிதழ், அச்சுப் பிரதி மட்டும்:
பத்தொன்பதாயிரம். வாசிப்பு நான்கு.
ஒரு வாசிப்பு நாலாயிரத்து எழுநூற்றைம்பது.
குழு வைத்த வரம்பு ஆயிரம்.

நான்கு எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன்.
படித்ததை அடுக்கில் திருப்பி வைக்காதீர்கள்,
மேசையில் விடவும் என்று பலகை மாட்டியிருக்கிறோம்.
சாயங்காலம் முப்பிடாதி வந்து
கிடப்பதை எண்ணி, கோடு போட்டு, அடுக்குவான்.
கிடந்தால் வாசிப்பு.
எடுத்த இடத்தில் வைக்கிற நல்ல பழக்கத்துக்கு
எங்களிடம் பூஜ்யம்.

நீக்கும் முன் தூசியாவது தட்டலாம் என்று எடுத்தேன்.
பக்கத்துக்குள் பஸ் டிக்கெட்.
சேரன்மகாதேவி வண்டி. மகளிர், கட்டணமில்லை.
புரட்டினால் இன்னொன்று.
உப்பேறிய கிணறுகள் பற்றிய கட்டுரையில் மட்டும் மூன்று.
பழைய இதழ்களையும் உதறினேன்:
முப்பத்தொன்று.

காசில்லாத சீட்டையும் கண்டக்டர் கிழித்துத்தான் கொடுத்திருக்கிறார்.
போக்குவரத்துக் கழகம் அவளை
முப்பத்தொரு தடவை எண்ணி,
மேலே கணக்கு அனுப்பி, மானியமும் வாங்கியிருக்கும்.
நான் ஒருமுறைகூட எண்ணியிருக்கிறேனா, தெரியாது.

"ஒரே ஆளாத்தான் இருக்கும்" என்றார் டைட்டஸ் சார்.
இருக்கலாம்.
"பை கனக்குன்னு டிக்கெட்ட சொருகிட்டுப் போயிருப்பாவ."
டிக்கெட் என்ன கனம் சார் என்று கேட்கவில்லை.
தணிக்கைக்கு டிக்கெட்டை ஒட்டி அனுப்பவா முடியும்.

ஒரு வெள்ளைச் சீட்டில் எழுதி
நாற்பதாம் பக்கத்தில் வைத்தேன்:
படித்தபின் தயவுசெய்து மேசையில் விடவும்.
அடுத்த வாரம் சீட்டு
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது.
இதழ் அடுக்கில், அதன் இடத்தில், நூல் பிடித்த மாதிரி.

சத்தியம் பண்ணச் சொன்னால்
நான் பண்ணக்கூடியது அந்த ஒன்றுக்குத்தான்.
நான்கை அடித்து ஐந்து என்று எழுதினேன்.
மூவாயிரத்து எண்ணூறுக்கு இறங்கிற்று.

கூட்டம் இருபது நிமிஷம். அதில் வடைக்குப் பத்து.
மேலாண்மை இதழை யாரும் கேள்வி கேட்கவில்லை.
நீர் நின்றது.

அன்றைக்கே சீட்டின் மறுபுறம் எழுதி
அவள் விட்ட பக்கத்தில் திரும்ப வைத்தேன்:
இவ்விதழ் டிசம்பரோடு நிற்கிறது.
பழையவை இங்கேயே இருக்கும்.

பொங்கல் லீவு முடிந்து முதல் நாள்.
ஆற்றுப்பக்கம் பிசானம் பச்சையாய் நின்றதை
பஸ்ஸில் வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.
நான் புது வருஷப் படிவத்தில்
நாற்பது பெயர்களுக்கு நாற்பது வரி போட்டுக்கொண்டிருந்தேன்.
மூடுகிற நேரம் முப்பிடாதி கூப்பிட்டான்.

மேசை நடுவில் கிடந்தது அந்த இதழ்,
கடைசிப் பக்கம் வரை விரிந்து, கவிழ்ந்து.
உதறிப் பார்த்தேன். சீட்டைக் காணோம்.
டிக்கெட்டும் இல்லை.

"யக்கா," பென்சிலைக் காதிலிருந்து எடுத்தபடி கேட்டான்,
"இதுக்கு எந்த வரியில கோடு போட?"