பதினொரு நிமிடம்

நூலகம் என்றுதான் பெயர்.
அலமாரி கிடையாது, பேசாதே என்னும் பலகை கிடையாது.
லேர்விக் நீரிணையில் ஓட்டம் எப்போது திரும்பும்
என்ற ஒரே கேள்விக்கு
மூவாயிரத்துச் சொச்சம் வரிகளில் பதில்.
கிளாக்ஸ்விக் துறைமுகத்தில், மீன் ஏலக்கூடத்தின் மேல்மாடியில்
நானும் பிர்ணாவும் எழுதினோம்.
மழை அங்கே மேலிருந்து விழாது,
பக்கத்திலிருந்து வரும்.

லினக்ஸில் சொன்ன பேச்சைக் கேட்டது.
துறைமுகக் கணினியில் ஒரே ஒரு கோப்பு.
ஏலக் கணக்கும் கலங்கரை அட்டவணையும் படகுப் பட்டியலும்
வேண்டியபோது வந்து
மொண்டுகொண்டு போயின.
பொதுக்கிணறு.

அதே கோப்பை மோர்த்தனின் கைபேசியில் போட்டேன்.
லிப்சி ஆறு கிடைக்கவில்லை
என்று கதவைச் சாத்தியது ஆண்ட்ராய்டு.
அங்கேயும் லிப்சி உண்டு, வேறு வீட்டுப் பிள்ளை.
பேருக்குப் பின்னால் எண் வைத்துக்கொள்வது
அந்த வீட்டில் வழக்கமில்லை.
அடியில் இரண்டுக்கும் ஒரே கெர்னல்.
ஒரே பாறை, இரண்டு கிணறு;
இதன் கயிறு அதில் எட்டாது.

"எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக் கட்டிவிடு" என்றாள் பிர்ணா.
கட்டுச்சோறு.
நடுக்கடலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவான்?
கட்டினேன். இணைப்பான் மறுத்தது:
உன் வரிகள் ஒரே முகவரியை நம்பி உட்கார்ந்திருக்கின்றன,
எங்கே இறக்கினாலும் பிழைக்கும்படி
மறுபடி தொகுத்துக்கொண்டு வா.
பிர்ணா சிரித்தாள்.
கோபன்ஹேகனில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவள்.

தொகுத்தேன்,
அவர்கள் லிப்சியைக் கேட்டு, அவர்கள் சில்லுக்கு ஏற்றபடி.
செயலி மூன்று மடங்கு பருத்தது.
ஏழு படகுகள் அதை வாங்கிக்கொண்டு போயின.

கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு?

பிப்ரவரியில்தான் கண்ணில் பட்டது
கூட்டல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கழித்தல்.
ஓட்டம் பதினொரு நிமிடம் முன்னதாகவே திரும்பும் என்று
இத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

துறைமுகத்தில் அந்த ஒரு கோப்பை மாற்றினேன்,
மூன்று நிரல்களையும் நிறுத்தித் தொடங்கினேன்.
காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

கடலில் ஏழு பிரதிகள்.
ஏழு வயிற்றிலும் அதே கழித்தல்.

ரேடியோவை எடுத்தேன்.
பதினொன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். மறுபடி சொல்கிறேன், பதினொன்று.
ஒருவன் திட்டினான்.
ஒருத்தி எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டு
மீன் விலை கேட்டாள்.
ஆறு படகுகளுக்கு என் தொண்டையே இணைப்பான் ஆனது.
மோர்த்தன் மட்டும் பேசவில்லை.

இரவு முழுக்க அந்த ஒற்றைக் குறியைத்
திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எவ்வளவு சின்னக் கோடு.

ஐந்தே முக்காலுக்கு இரைச்சலுக்கு நடுவே அவன் குரல்:
"பதினொன்றா?
அக்டோபரிலிருந்தே கூட்டிக்கொண்டுதானே இருக்கிறேன்.
இதற்கா எழுப்பினாய்?"

சனிக்கிழமை கரைக்கு வந்தான்.
சுக்கான் அறைக் கண்ணாடியில்
மெழுகுப் பென்சிலால் பெரிதாக, கூட்டல், பதினொன்று.
மாற்று ஆள் ஓட்டினாலும் தெரியட்டும் என்றாம்.
புதிய செயலியை ஏற்றப் போனேன்.
கையைப் பிடித்துக்கொண்டான்.
"நீ சரியானால் நான் தப்பாவேன்.
யோசித்தாயா?"

யோசிக்கவில்லை.
எங்கள் பிழைமேல் ஒருவன் ஒரு குளிர்காலத்தையே
நிறுத்தி வைத்திருப்பான் என்று
எந்தச் சோதனையிலும் நாங்கள் எழுதவில்லை.

"இது பதினொன்று உள்ளதா, இல்லாததா?
எப்படித் தெரிந்துகொள்வது?"
திரையில் பதிப்பு எண்ணே இல்லை.
படகின் தளத்தில் மடிக்கணினியை விரித்து
முகப்பின் மூலையில் ஓர் இரண்டு போட்டேன்,
மறுபடி தொகுத்தேன்.
மீன்செதில் விசைகளில் ஒட்டியது.

மோர்த்தன் இரண்டைப் பார்த்தான்.
துணியை எடுத்தான், பிறகு வைத்துவிட்டான்.
பதினொன்றின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தான்,
அடியில் உள்ளது இன்னும்
படிக்கத் தெரியும்படி.