பதினான்காம் வளைவு

முகூர்த்தம் இல்லாத செவ்வாய்.
ஸ்டுடியோ சாவியை ஜெயசீலியிடம் கொடுத்துவிட்டேன்.
அஸ்தம்பட்டி தாண்டும்போது மணி நாலேகால்.

பதினான்காம் கொண்டை ஊசியில்
முக்காலியின் ஒரு கால் தாரில்,
மற்ற இரண்டும் ஈரமண்ணில்.
காற்றுக்கு ஆடாமலிருக்க
நடுவில் பையைத் தொங்கவிட்டேன்.

மூடுபனி.
லென்ஸைத் துடைக்கிறேன், பூக்கிறது;
துடைக்கிறேன், பூக்கிறது.
கஞ்சமலை எங்கே என்று எனக்குத் தெரியும்,
கேமராவுக்குத் தெரியாது.

ஐந்து ஐம்பதுக்குக் கிழிந்தது.
கீழே சேலம், அணைக்காத விளக்குகளோடு.
அதற்கு இப்புறம்
வெள்ளைக்கல் சுரங்கம்,
முழங்காலில் தோல் உரிந்த இடம்போல.

சற்றே இடப்பக்கம் திருப்பினால்
அது சட்டத்துக்கு வெளியே போய்விடும்.
திருப்பினேன்.
சில்வர் ஓக், மிளகுக்கொடி, மேகம்.
காலண்டர்.

நேற்று ஒரு மணப்பெண்ணின்
மோவாய் மச்சத்தை அழித்தேன்.
கேட்டது மாமியார்.
ஐம்பது ரூபாய் கூடுதல்.

மறுபடி வலப்பக்கம்.
எட்டு நொடித் திறப்பு.
ஐந்தாவது நொடியில்
கேரட் ஏற்றிய வேன் ஒன்று
ஹாரன் அடித்துக்கொண்டே திரும்ப,
படத்தின் குறுக்கே மஞ்சளாய் ஒரு கோடு.
இன்னொன்று எடுப்பதற்குள்
பனி மூடிவிட்டது.

கோடு இருக்கிறது, சுரங்கமும்.
இரண்டையும் தொடவில்லை, இதுவரை.
நாளை ஒரு வளைகாப்பு,
குகையில்.