தமிழ்நாட்டுக் கரண்ட்

நாலு பேர் என்றுதான் போனில் சொன்னார்கள்.
குமுளியில் எங்கள் வாசலில் வேன் நின்றது.
முதலில் இறங்கியவன் குளித்து முடித்து
துண்டு போதவில்லை என்று வந்து நிற்கிறான்,
ஒன்பதாவது ஆள் இன்னும் வேனுக்குள்
சீட்டுக்கடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

"மத்தவங்க சும்மா பேசிட்டுப் போயிருவாங்கக்கா"
என்றான் தீனதயாளன், புக் பண்ணியவன்.
பேசிவிட்டுப் போகிறவர்கள்
தலையணையோடா வருவார்கள்?

சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது, என் கையெழுத்தில்.
படிக்கிறவர்கள் சிரிப்பார்கள்.
கொசுவலையில் மீன் அலசக் கூடாது. அது ஒரு பல் டாக்டர்.
இஸ்திரிப் பெட்டியில் அப்பளம் சுடக் கூடாது.
அது தேனிலவுக்கு வந்த விருதுநகர் ஜோடி,
இப்போது இரட்டைப் பிள்ளைகள்,
ரம்ஜானுக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறார்கள்.
பத்து மணிக்கு மேல் பாட்டு கூடாது என்பதை மட்டும்
சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.
எழுதி என்ன.

பத்தேகாலுக்கு, அரை ஆள் உயர ஸ்பீக்கர் ஒன்று
மாடிக்கு ஏறி பிளக்கைத் தேடிக்கொண்டது.
பதினொன்றுக்கு ஒருவன் கைப்பிடிச் சுவர்மேல் ஏறினான்.
என் வீட்டுக்காரர் பிரஷர் மாத்திரை போட்டுவிட்டால்
மலை சரிந்தாலும் எழமாட்டார்.
போலீசைக் கூப்பிடலாம்தான்.
வீடு இருப்பது கேரளாவில்.
சத்தம் ரோட்டைத் தாண்டித்
தமிழ்நாட்டில் போய் விழுகிறது.
எந்த ஸ்டேஷன் என்று கேட்பார்கள்.
அப்புறம், லைசென்சில் எத்தனை பேர் என்று கேட்பார்கள்.

மூன்று தடவை படியேறினேன்.
முதல் தடவை, "அஞ்சே நிமிஷம்க்கா."
அடுத்த தடவை எனக்கும் ஒரு தட்டில் சிக்கன் வைத்தார்கள்.
மூன்றாம் தடவை
நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

இறங்கி வந்து, முக்காட்டை இறுக்கிக்கொண்டு,
படிக்கட்டுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்து
ஃபியூசைப் பிடுங்கினேன்.

"அக்கா, கரண்ட் போச்சு!"
"கேரளாவுல இப்படித்தான் தம்பி, மழைன்னா போயிரும்."
மழையே இல்லை.
"எதிர்த்தாப்ல டீக்கடைல எரியுதே?"
"அது தமிழ்நாட்டுக் கரண்ட்."

சொன்ன பிறகுதான் பார்த்தேன்.
பக்கத்து வீட்டு ஔசேப்பச்சன் வராந்தாவில்
டியூப்லைட் பளீரென்று எரிகிறது.
அதுவும் கேரளாதான்.
மறைக்க இடையில் ஒரு கொய்யாமரம்கூட இல்லை.
யா அல்லாஹ் என்று நின்றேன்.
அந்த டியூப்லைட் ஒரு தரம் சிமிட்டி
அணைந்தது.

மேலே கொஞ்ச நேரம் போன் வெளிச்சங்கள் அலைந்தன.
பிறகு ஒரு குரல்:
"பாவம்டா அந்தக்கா. நாலு பேர்னு பொய் சொல்லிட்டோம்."
"காலைல குடுத்துரலாம்."
"எத்தனை பேருக்கு?"
அதற்குப் பதில் வரவில்லை. குறட்டை வந்தது.

விடியுமுன்னே போய்விட்டார்கள்.
சாவி செம்பருத்தித் தொட்டியில்,
அதற்கடியில் ஏழு பேருக்கான பணம்.
கட்டிலடியில் ஒற்றைச் செருப்பு.
விட்டுப்போன இரண்டு பேர் யார் என்று
செருப்பைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் யோசித்தேன்.
சுவர்மேல் ஏறினவனா, சிக்கன் வைத்தவனா.

ஃபியூசை அரிசி டப்பாவில் போட்டது
பத்து மணிக்குத்தான் ஞாபகம் வந்தது.
ஃபிரிஜ்ஜில் இருந்த நாலு லிட்டர் பாலும்
அடுப்பில் வைத்ததும் திரிந்தது.

ஔசேப்பச்சன் வேலியோரம் வந்து நின்றார்.
"கரண்டு வந்நோ, மைமூனே?"
முகத்தில் சிரிப்பே இல்லை.
வந்துருச்சு என்றேன்.
திரிந்த பாலில் சர்க்கரை போட்டுக் கிளறி
ஒரு கிண்ணம் வேலிக்கு மேலே நீட்டினேன்.

அதற்குள் ராஜபாளையத்திலிருந்து போன்.
"நாலே நாலு பேர்தான்க்கா."
வாங்க என்றேன்.
கொடியில் ஒன்பது துண்டு காய்ந்துகொண்டிருந்தது.